கோச் என்பவர் யார்? வாவிக்கரை நமக்குச் சொல்லித் தந்த பாடம்



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பகுதியில் இப்போது ஒரு புதிய பெயர் அடிக்கடி காதில் விழுகிறது: லைஃப் கோச். ஸூமில் சில மாத வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ், முகநூலில் ஒரு போஸ்டர். இதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ஓ.எல். முடிவு வந்த அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே வராத பிள்ளை நமது ஊரில் இருக்கிறது. கணவன் கட்டாரில் இருக்க, கடனையும் பிள்ளைகளையும் தனியாகச் சுமக்கும் தாய் இருக்கிறாள். ஐஸ் என்னும் போதையில் விழுந்த மகனைப் பற்றி யாரிடம் பேசுவது என்று தெரியாத வாப்பா இருக்கிறார். இவர்களுக்குப் பக்கத்தில் உட்கார நமது இளைஞர்களும் யுவதிகளும் முன்வருகிறார்கள் என்றால் அது நல்ல செய்தி.

ஆனால் இந்தத் துறைக்குள் புதிதாகக் கால் வைக்கிறவர்கள் ஆசிரியர்களாகிய எங்களிடம் வந்து திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே கேள்விகள்.

“சேர், ஒராள் வந்து பிரச்சினையச் சொன்னா, எனக்குப் பதில் தெரியாட்டி என்ன செய்ற?”

“எனக்கே இப்பதான் இருபத்தாறு வயசு. நான் சொன்னா ஆரு கேப்பாங்க?”

முதலாவது பிரச்சினை தீர்த்தல் பற்றியது. இரண்டாவது தன்னம்பிக்கை பற்றியது. இந்த இரண்டு கேள்விகளையும், இதைவிடப் பல மடங்கு கடினமான ஒரு காலத்தில், இதே மட்டக்களப்பு வாவிக்கரையில் சில இளைஞர்கள் எதிர்கொண்டார்கள். அவர்களிடம் சான்றிதழும் இருக்கவில்லை, போஸ்டரும் இருக்கவில்லை. அவர்களுடைய கதையை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

▪️ அந்தச் சொல் வந்த வழி

முதலில் கோச் என்ற சொல்லைப் பார்ப்போம். ஹங்கேரி நாட்டில் கொச் என்றொரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டளவில் அங்கே நல்ல குதிரை வண்டிகள் செய்தார்கள். கிராமத்தின் பெயர் வண்டிக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள், பரீட்சைக்குத் தங்களைத் தயார்படுத்தும் தனி ஆசிரியரைப் பகிடியாக அந்த வண்டியின் பெயரால் அழைத்தார்கள். வண்டி மாதிரி ஒருவரைக் கரை சேர்ப்பவர் என்று அர்த்தம். அங்கிருந்து அது விளையாட்டு மைதானத்துக்குப் போனது.

1974இல் அமெரிக்காவில் திமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்றுநர் ஒரு புத்தகம் எழுதினார். மாணவனுக்கு “கையை இப்படி வை, காலை அப்படி வை” என்று சொல்லச் சொல்ல அவன் தடுமாறுகிறான். சொல்வதைக் குறைத்து, பந்தைக் கவனிக்கவைத்தால் தானாகத் திருத்திக்கொள்கிறான். அவர் மைதானத்தில் கண்டது இதுதான். டென்னிஸ் மைதானத்தில் கண்ட அந்த உண்மை பிறகு அலுவலகங்களுக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் வந்தது. 1995இல் தோமஸ் லியனார்ட் என்பவர் கோச்மாருக்கான சர்வதேசச் சம்மேளனத்தைத் தொடங்கினார். இன்று நமது பிள்ளைகள் எடுக்கும் சான்றிதழ்களுக்கெல்லாம் மூலம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

அந்த 1995ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வருடம் நமது மட்டக்களப்பில் என்ன தொடங்கியது என்று பிறகு சொல்கிறோம்.

▪️ நமது மண்ணின் கோச்மார்

பெயர்தான் புதிது. வேலை நமக்குப் பழையது. பள்ளிவாசல் மரைக்காயர் இரு வீட்டுச் சண்டையைத் தீர்ப்பதற்கு முன் இரண்டு வீட்டிலும் போய்த் தேத்தண்ணி குடித்து முழுக்கதையையும் கேட்பார். பரிசாரியார் நாடி பிடித்தபடியே வீட்டு விசயமும் விசாரிப்பார். பிள்ளைப்பேறு பார்க்க வந்த மருத்துவிச்சிக்குத் தெரியாத மனக்கவலை ஊரில் இருந்ததில்லை. மூத்தம்மாமார் பேரப்பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைத்தபடியே கேட்டுவிடுகிற கேள்விகளை எந்த டிப்ளோமாவும் சொல்லித் தராது.

நவீன அர்த்தத்தில் கோச் என்ற சொல்லை மட்டக்களப்பாருக்கு உயிரோடு காட்டியவர் ஒருவர் உண்டு என்றால் அவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, 1948இல் இலங்கை வந்த யேசு சபைத் துறவி. திருகோணமலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்து பழக்கினார். நகரத்தின் வெபர் மைதானம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவரும் அதே சபையைச் சேர்ந்த ஒரு பயிற்றுநர்தான். கொழும்பின் பெரிய கல்லூரிகள் வசதியிலும் பெயரிலும் முன்னால் நின்ற காலத்தில், வாவிக்கரைப் பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் கூடைப்பந்தில் வெல்லக்கூடியவர்கள் என்று அந்தப் பிள்ளைகளையே நம்பவைத்தது அந்த மைதானம். மிக்கேல் கல்லூரியில் படித்த நமது ஊர் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்றும் கண் மின்னப் பேசுவார்கள்.

1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஹேபர்ட் அடிகளார் காணாமல் போனார். அவரோடு வந்த ஒரு தமிழ் இளைஞரும் காணாமல் போனார். இரண்டு பேரும் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

▪️ அந்த ஆகஸ்டும் செப்டெம்பரும்

அந்தத் திகதியின் இரு பக்கத்தையும் பார்த்தால்தான் பின்னால் நடந்ததன் பெறுமதி விளங்கும்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது இரண்டு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். 100க்கும் அதிகமானோர் ஷஹீதானார்கள், சிறுவர்களும் உட்பட. ஆகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும் ஏறாவூர்ப் பகுதி. அங்கும் 100க்கு மேல். இதை நமது பிள்ளைகளுக்கு நாம் வருடாவருடம் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

அதே செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 180க்கு மேற்பட்ட தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தைகளும் உட்பட. இதையும் நமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட உறவு ஐந்தாறு கிழமைக்குள் என்ன பாடுபட்டது என்று யோசித்துப் பாருங்கள். படுவான்கரையில் நமது காணிகளுக்கு நாம் போகவில்லை. நமது சந்தைக்கு அவர்கள் வரவில்லை. 1990க்குப் பிறகு பிறந்த ஒரு முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் இடையில் சில நூறு மீட்டர் தூரம்தான் இருந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கேள்விப்பட்டது மட்டும் உண்டு. கேள்விப்பட்டதெல்லாம் பயம்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பேச்சு நின்றுபோனது. தன் மகனை யார் கொண்டு போனார்கள் என்று ஒரு தாய் சத்தமாகச் சொன்னால் அடுத்த மகனுக்கு ஆபத்து. சோதனைச் சாவடியில் ஒரு பதில், காட்டுப் பக்கம் இன்னொரு பதில். வீட்டுக்குள்ளே பிள்ளைக்கு முன்னால் ஒன்றுமே பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று ஆனது. அந்த மௌனத்துக்குள் ஒரு தலைமுறை வளர்ந்தது.

▪️ ஒரு ஆய்வும் அதன் பின்னால் ஒரு கேள்வியும்

1990களின் நடுப்பகுதியில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு, யுத்தம் நமது பகுதிப் பிள்ளைகளின் மனதை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வந்தது. கேள்விகள் கேட்டார்கள், பதிவு செய்தார்கள். பிள்ளைகள் கண்ணால் கண்டவை அந்தக் காகிதங்களில் வந்தன.

அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. காயத்தை அளந்தாகிவிட்டது. மருந்து எங்கே?

இப்போது நீங்கள் ஒரு புதிய கோச் என்று வைத்துக்கொண்டு அந்த நிலைமையைப் பாருங்கள். கையில் என்னென்ன முட்டுக்கட்டைகள்?

ஒன்று: ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உதவி தேவை. மனநல மருத்துவர்களும் உளவளத்துணையாளர்களும் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை.

இரண்டு: பிள்ளையை உட்காரவைத்து “என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்க முடியாது. சொல்வதே ஆபத்து. சொல்லத் தெரியாத வயது வேறு.

மூன்று: தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் இடம், முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஓர் இடம் என்று செய்தால் காயம் ஆறுகிற மாதிரி இருக்கும், ஆனால் பயம் அப்படியே இருக்கும். ஒன்றாகச் சேர்த்தால் பெற்றோர் விடுவார்களா?

நான்கு: யுத்தம் முடியவில்லை. நகரம் இராணுவத்தின் கையில். வாவிக்கு அப்பால் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். முடிந்த பிறகு தொடங்கலாம் என்றால் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள்.

1996இல், கோச்மாருக்கான அந்தச் சர்வதேசச் சம்மேளனம் தொடங்கி ஒரு வருடம் கழித்து, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா பிறந்தது. அதன் முன்னோடிகள் இரண்டு பேர், இரண்டு பேருடைய பெயரும் போல். ஒருவர் கனடா, ரொறன்ரோவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகன். உடல் இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான ஒரு வைத்தியசாலையின் வெளிமுற்றத்தில், இயலாமை உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒன்றாக மண்ணிலும் கலையிலும் விளையாடவிட்ட சுருள் தோட்டம் என்னும் முயற்சியில் 1980கள் தொடக்கம் அனுபவம் பெற்றவர். மற்றவர் நமது மண்ணின் யேசு சபைத் துறவி, உளவளத்துணையில் தேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளார். யேசு சபையினரின் காணியில் பூங்கா அமைந்தது.

▪️ முட்டுக்கட்டையே வழியான கதை

நாம் சாதாரணமாகப் பிரச்சினை தீர்த்தல் என்றால் முட்டுக்கட்டையை அகற்றுவது என்று நினைப்போம். இவர்களால் ஒரு முட்டுக்கட்டையையும் அகற்ற முடியவில்லை. யுத்தத்தை நிறுத்த முடியாது, மருத்துவர்களைக் கொண்டுவர முடியாது. ஆகவே ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் பார்த்து, “இது இருக்கத்தான் போகிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?” என்று கேட்டார்கள்.

பேச முடியாதா? சரி, பேச்சைக் கேட்க வேண்டாம். களிமண்ணைக் கொடுப்போம். வர்ணத்தைக் கொடுப்போம். கதை, பாட்டு, முகமூடி, நாடகம், செடி, பிராணிகள். ஒரு பிள்ளை மண்ணில் ஒரு வீட்டைச் செய்து, அதை உடைத்து, மீண்டும் செய்கிறது என்றால் அது என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டது. பெயரும் இல்லை, திகதியும் இல்லை, சோதனைச் சாவடியில் பிடிபடக்கூடிய ஒரு சொல்லும் இல்லை. அரக்கனும் அரசனும் குரங்கும் வரும் ஒரு கட்டுக்கதைக்குள் எவ்வளவு பெரிய துக்கத்தையும் வைக்கலாம்.

பெற்றோர் பயப்படுகிறார்களா? பிள்ளை தனியாக வரத் தேவையில்லை. பூங்காவின் பஸ் ஊருக்கே போகும், தமிழ் ஊருக்கும் போகும், முஸ்லிம் ஊருக்கும் போகும், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடும். ஒருநாள் கூத்தும் இல்லை. வாரத்தில் ஒருநாள் என்று மாதக்கணக்கில் அதே பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் ஒரு மூலையில் அவர்கள், ஒரு மூலையில் இவர்கள். ஆனால் ஒரு பெரிய பாவையைச் செய்வதென்றால் மூங்கிலைப் பிடிக்க ஒருவர் வேண்டும், கட்ட ஒருவர் வேண்டும். கயிற்றை நீட்டுகிற கை எந்த ஊர்க் கை என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. சமாதானத்தைப் பற்றி அங்கே பிரசங்கம் செய்யவில்லை. சேர்ந்து செய்யாவிட்டால் நடக்காத வேலையைக் கொடுத்தார்கள்.

யுத்தம் முடியவில்லையா? வேலிக்கு உள்ளே ஒருநாளாவது முடியட்டும்.

மருத்துவர்கள் இல்லையா? இங்குதான் நமது புதிய கோச்மாருக்கான பாடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

▪️ உயிரூட்டிகள்

பூங்காவில் பிள்ளைகளோடு வேலை செய்தவர்களுக்கு ஆசிரியர் என்றோ மருத்துவர் என்றோ பெயர் வைக்கவில்லை. அனிமேட்டர் என்றார்கள். உயிரூட்டுபவர் என்று சொல்லலாம். அவர்கள் இதே மாவட்டத்தின் இளைஞர்கள், யுவதிகள். தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களும் அதே யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். தங்கள் வீட்டிலும் இழப்பு, தங்கள் மனதிலும் பயம். பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

“எனக்கே இப்படி இருக்க நான் எப்படி இன்னொருவருக்கு?” என்று கேட்க அவர்களுக்கு உங்களைவிட அதிக நியாயம் இருந்தது. அப்படியிருந்தும் எப்படி நின்றார்கள்?

ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்தவர்களுக்கு அல்பேர்ட் பண்டுராவின் பெயர் ஞாபகம் இருக்கும். “என்னால் இது முடியும்” என்ற எண்ணம் ஒரு மனிதனுக்குள் எங்கிருந்து வருகிறது என்று 1977இல் அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் காண்பது. நம்பிக்கையான ஒருவர் சொல்லும் வார்த்தை. உடலும் மனதும் அமைதியாக இருப்பது. இவற்றில் மிகப் பலமானது முதலாவது. வெறும் வார்த்தை அவ்வளவு தூரம் போகாது. “உன்னால் முடியும்” என்று நூறு முறை சொல்லும் வீடியோக்களைப் பார்த்த பிறகும் நமது பிள்ளைகள் மேடை ஏறப் பயப்படுவது அதனால்தான்.

பூங்காவை இந்த நான்கோடு வைத்துப் பாருங்கள். அனிமேட்டர் பிள்ளைக்கு முன்னால் நின்று விரிவுரை நடத்துகிறவர் இல்லை. தானும் தரையில் உட்கார்ந்து களிமண்ணைப் பிசைகிறார். இன்று ஒரு பாவை செய்தார், அது நின்றது. நாளை ஒரு கதை சொன்னார், பிள்ளைகள் கேட்டார்கள். இவை சின்னச் சின்ன வெற்றிகள், ஆனால் தன் கையால் செய்தவை. பக்கத்தில் அதே வயதில் இன்னொரு அனிமேட்டர் அதையே செய்கிறார். தேர்ந்த ஒருவர் துணையாக நிற்கிறார். மரநிழல், மண், தண்ணீர் என்று இடமே மனதைத் தணிக்கிறது. நான்கு ஊற்றும் ஓரிடத்தில்.

முக்கியமாக, அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “நான் காணாமல் போன வாப்பாவுக்கு என்ன செய்ய?” என்று ஒரு பிள்ளை கேட்டால் உலகத்தில் யாரிடம் பதில் இருக்கிறது? பதில் தர முடியாத இடத்தில் கூட இருக்கலாம். பிள்ளை தன் கதைக்குத் தானே ஒரு முடிவு கண்டுபிடிக்கும்வரை களிமண்ணை ஈரமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கலாம். இது திமோதி கால்வே டென்னிஸ் மைதானத்தில் கண்ட அதே உண்மைதான். நமது மைதானம்தான் வேறு.

முதல் கேள்விக்கு, “பதில் தெரியாட்டி என்ன செய்ற?” என்பதற்கு, மட்டக்களப்பு சொன்ன விடை இது: வருகிறவர் தன் பதிலைத் தேடுவதற்கு ஏற்ற இடத்தை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை.

இதற்கு முறை இல்லாமல் இல்லை. 1953இல் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் ஆக்கபூர்வமான பிரச்சினை தீர்த்தலுக்கு ஒரு ஒழுங்கைப் புத்தகமாக எழுதினார். நாம் வகுப்பில் செய்யும் சிந்தனைக் கிளறல் அவருடைய முறைதான். அதன் உயிர் ஒரே விதி: யோசனைகள் வரும்போது தீர்ப்புச் சொல்லாதே. முதலில் எல்லாம் மேசைக்கு வரட்டும், தரம் பிரிப்பது பிறகு. பிள்ளை செய்த யானைக்கு ஐந்து கால் இருந்தால் “யானைக்கு நாலு கால்தானே” என்று திருத்தாத அனிமேட்டர் செய்ததும் அதைத்தான். அந்த ஐந்தாவது கால் ஏன் வந்தது என்பதற்குள்தான் கதை இருக்கும்.

▪️ நமது மார்க்கம் காட்டும் இரண்டு காட்சிகள்

இரண்டாவது கேள்விக்கு, “நான் சொன்னா ஆரு கேப்பாங்க” என்பதற்கு, நமக்கு வெளியே போகவே தேவையில்லை. மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் போகும்படி பணிக்கப்பட்டபோது என்ன கேட்டார்கள்? தன் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும், தன்னைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தரும்படியும் இறைவனிடம் கேட்டார்கள். ஒரு நபியே தன் தயக்கத்தை மறைக்கவில்லை. “எனக்குப் பயமில்லை” என்று காட்டிக்கொள்ளவில்லை. துணை கேட்டார்கள், பிறகு போனார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது? தனியாக போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு ஹாரூனைத் தேடிக்கொள்ளுங்கள்.

மற்றது அகழ் யுத்தம். ஹிஜ்ரி 5, கி.பி. 627. பெரும் படை மதீனாவை நோக்கி வருகிறது. அரபிகளுக்குப் பழக்கமில்லாத ஒரு யோசனையைச் சொன்னவர் ஸல்மான் அல் பாரிஸி (ரழி). பாரசீகத்திலிருந்து வந்தவர், அடிமையாக விற்கப்பட்டிருந்தவர், ஊருக்குப் புதியவர். நபி (ஸல்) அவர்கள் அந்த யோசனையை ஏற்றுத் தாமும் மண் சுமந்தார்கள். வழிநடத்துபவர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல யோசனை யாரிடமிருந்து வந்தாலும் கேட்கிற காது இருக்க வேண்டும், மண் சுமக்கிற தோள் இருக்க வேண்டும்.

▪️ பிறகு வந்த நாட்கள்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. கல்லடி, நாவலடி, திருச்செந்தூர், காத்தான்குடிக் கரை, கல்முனை, மருதமுனை. யாரும் இன்னார் என்று பார்த்து அலை அடிக்கவில்லை. அந்த நாட்களில் முகாம்களில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்ந்து பாட்டும் படமும் விளையாட்டுமாக நேரம் கழித்த இளைஞர்களை நம்மில் பலர் கண்டோம். மருந்துக்கு முன்னால் விளையாட்டு வேண்டும் என்பது அப்போது இந்த மாவட்டத்துக்குப் புதிய பாடமாக இருக்கவில்லை.

2009இல் யுத்தம் முடிந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்து எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்தது. பாதை லேசாகிவிட்டது, மனம் மட்டும் மெதுவாகத்தான் வரும் என்று நினைத்திருந்தோம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுவர்கள், ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்றவர்கள். அந்தத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அந்தக் குற்றத்தை நமது மார்க்கமும் ஏற்கவில்லை, நமது ஊர்களும் ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்ததை நமது சகோதரிகள் அனுபவித்தார்கள். அந்தப் பக்கத்துத் தாய்மாரின் பயத்தையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1990இல் எழும்பிய மதில் விழுந்துவிட்டது என்று நினைத்தபோது அதன் அத்திவாரம் அப்படியே இருந்தது.

இன்று நமது வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வேறு சமூகத்தில் ஒரு கூட்டாளி இருக்கிறான்? பெயர் சொல்லி அழைக்க, வீட்டுக்குப் போய் வர? இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.

▪️ புதிதாகத் தொடங்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்

சான்றிதழ் எடுங்கள், படியுங்கள், தடையில்லை. அதோடு வாவிக்கரையின் இந்தப் பாடங்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. சின்னதாகத் தொடங்குங்கள். இருநூறு பேருக்கான மண்டபத்துக்கு முன்னால், தெருவில் உள்ள ஐந்து பிள்ளைகளோடு வாரத்தில் ஒருநாள், ஆறு மாதம் விடாமல் உட்காருங்கள். ஒருநாள் செமினாரில் வரும் கைதட்டல் அன்றைக்கே முடிந்துவிடும்.

2. கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். நமது ஆண்பிள்ளைகள் நேருக்கு நேர் உட்கார்ந்து மனம் திறப்பது குறைவு. வலை பொத்தும்போது, சைக்கிள் கழற்றும்போது, கிரிக்கெட் முடிந்து மதகில் உட்காரும்போது சொல்வார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தையலோ மருதாணியோ அந்த இடத்தைத் தரலாம்.

3. முட்டுக்கட்டையைத் திட்டாதீர்கள். “காசில்லை, இடமில்லை, ஆதரவில்லை” என்பவை உண்மைதான். அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே “இது இருக்கத்தான் போகிறது, இதோடு என்ன செய்யலாம்?” என்று எழுதுங்கள். தீர்ப்பைக் கடைசிக்கு வையுங்கள்.

4. எல்லை தெரிந்திருங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசுகிறவர், போதையின் பிடியில் இருப்பவர், துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளை, இவர்கள் ஒரு கோச் தனியாகத் தாங்கக்கூடியவர்கள் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது. அங்கே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவதும் வழிகாட்டல்தான். அதனால் உங்கள் மரியாதை குறையாது.

5. அமானிதம். ஒருவர் சொன்ன கதை உங்கள் அடுத்த வீடியோவுக்கான உதாரணம் ஆகக்கூடாது, பெயரை மாற்றினாலும். நமது ஊர் சின்னது, எல்லோருக்கும் விளங்கிவிடும். 1990களில் வாயை மூடியிருந்த ஒரு சமூகம் மெதுவாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. ஒரு முறை நம்பிக்கை உடைந்தால் அந்தக் கதவு மீண்டும் மூடிக்கொள்ளும்.

6. பஸ்ஸை அந்தப் பக்கமும் அனுப்புங்கள். உங்கள் ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேராவது அடுத்த சமூகத்துப் பிள்ளைகளாக இருக்க வழி பாருங்கள். கஷ்டம்தான். சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் 1996இல் முடிந்தது.

ஹேபர்ட் அடிகளாருக்கு ஒரு மைதானமும் ஒரு பந்தும் இருந்தது. பூங்காவின் அனிமேட்டர்மாருக்கு மரநிழலும் களிமண்ணும் இருந்தது. இரண்டு இடத்திலும் நடுவில் நின்றது பிள்ளைகள். தங்களை நடுவில் நிறுத்தாததால்தான் அவர்களுக்குப் பயமும் குறைந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். “நான் எப்படித் தெரிகிறேன்” என்ற யோசனை போய், “இந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது” என்ற யோசனை வரும்போது நாவின் முடிச்சு தானாக அவிழ்கிறது.

இந்தப் பூங்காவுக்குப் பிள்ளையாகப் போனவர்கள் இன்று நமது ஊர்களில் வாப்பாமாராகவும் உம்மாமாராகவும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒருவர் இருக்கலாம். புதிய கோச்மார் முதலில் போய்ப் பேச வேண்டியது அவர்களிடம்தான். கேட்டு எழுதி வையுங்கள். நமது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இந்தக் கதை இல்லை.

1990இல் நாம் இழந்த ஷுஹதாக்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. வாவியின் இரு கரையிலும் இன்னும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்மாருக்கு ஆறுதலைத் தருவானாக. நமது பிள்ளைகளுக்குத் துணை நிற்க முன்வரும் இளைஞர்களின் நாவையும் நிய்யத்தையும் சீராக்கி வைப்பானாக.

ஆமீன்.